மஞ்சள் நிறமாக மாறிய ஆறு மாதிரிகள்

நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் எப்படித் தெரியவந்தது? அந்த வரலாறு நடந்தது நம் சென்னையிலும் வேலூரிலும்தான்.

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. 'அது மேல்நாட்டார் நோய், நம் ஒழுக்கத்துக்கு இங்கே வராது' என்று இங்கே பலர் நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், சோதிக்காமல் அப்படிச் சொல்ல முடியாது என்று கருதினார். தம் மாணவி நிர்மலாவிடம் அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நிர்மலா தயங்கினார். கணவர் ராமமூர்த்தி தைரியம் கொடுத்தார். பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போய், கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார் நிர்மலா. மூன்று மாதத்தில் சுமார் 80 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வைக்க வேறு வசதி இல்லை; வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்.

சோதனையின் பெயர் எலிசா. 1971இல் ஸ்வீடனில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும் வெளியிட்ட முறை. கிருமி உள்ளே வந்தால், அதைப் பிடிப்பதற்கென்றே நம் உடல் ஆன்டிபாடியை உண்டாக்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, ஒரு கிருமிக்கு உண்டானது பெரும்பாலும் இன்னொன்றோடு சேராது. பிளாஸ்டிக் தட்டிலுள்ள சின்னக் குழிகளில் கிருமியின் புரதத்தை, அதாவது ஆன்டிஜெனை, ஒட்டவைப்பார்கள். அதன்மேல் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. பிறகு, அதைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை நொதியோடு இணைத்துச் சேர்ப்பார்கள். கடைசியாக ஊற்றும் திரவத்தை அந்த நொதி நிறம் மாற்றிவிடும். கிருமியைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை.

1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளோடு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அடைந்தார்கள். டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாயின.

உடனே யாரும் ஊருக்குச் சொல்லிவிடவில்லை. எலிசாவில் சில நேரம் தவறாகவும் நிறம் வரும். அதனால் அந்த ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில், வைரஸின் எந்தெந்தப் புரதத்தோடு ஆன்டிபாடி சேருகிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். அதிலும் உறுதியானது. பிறகுதான் அரசு அறிவித்தது. இன்று ரத்த வங்கிகளில் ஒவ்வொரு பாட்டிலையும் எச்.ஐ.வி.க்குச் சோதித்த பிறகே கொடுக்கிறார்கள்.

சுனிதி சாலமன் மறைந்த பிறகு, 2017இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களுக்கு, எந்த நோய்க்கான சோதனை என்றுகூட அன்று சொல்லப்படவில்லை. இன்று விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பொதுவாக எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த ஆறு பேரையும் சேர்த்தே சொல்லுங்கள்.