"வாங்க" என்று சொன்னது குற்றமா?

 

ஆஸ்திரேலியாவின் போர் நினைவு நாளில் பழங்குடியினரின் வரவேற்புச் சடங்கு பொருத்தமா, இல்லையா? பொருத்தமே என்று பேச வந்திருக்கிறேன்.

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின. அந்த நாள்தான் ஆன்சாக் நாள். வருஷா வருஷம் இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே ஜனங்கள் நினைவிடங்களில் கூடி நிற்பார்கள். 2025இல் மெல்போர்ன் நினைவாலயத்தில் அப்படிக் கூடியபோது, பூனுரோங் இனத்துப் பெரியவர் ஒருவர் வரவேற்புச் சொல்ல வந்தார். சிலர் கூச்சல் போட்டார்கள். மற்றவர்கள் கைதட்டியே அந்தக் கூச்சலை அமுக்கினார்கள். அது தேர்தல் நேரம். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பீட்டர் டட்டன் கூச்சலைக் கண்டித்தார். ஆனால் சில நாளிலேயே, ஆன்சாக் நாளில் இந்தச் சடங்கைப் படைவீரர்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை என்று பேசினார்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "நான் பிறந்த நாட்டுக்கு என்னையே வரவேற்க நீ யாரு?" கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. ஆனால் இது ஒரு சொல்லில் வந்த குழப்பம் ஐயா! அந்தச் சடங்குக்கு 'வெல்கம் டு கன்ட்ரி' என்று பெயர். இதிலே 'கன்ட்ரி' என்றால் ஆஸ்திரேலியா முழுவதும் இல்லை. அந்த இனத்தார் வழிவழியாகக் காத்துவந்த நிலப்பகுதி. தமிழனுக்கு இதை விளக்கணுமா? நாஞ்சில்நாடு, கொங்குநாடு என்கிறோம். கோயம்புத்தூர்க்காரர் "எங்க கொங்குநாட்டுக்கு வாங்க" என்றால், "நான் இந்தியன் இல்லையா?" என்று நாகர்கோவில்காரர் சண்டைக்குப் போவாரா? (சிரிப்பு)

"இது 1976இல் பெர்த் நகரில் ரிச்சர்ட் வாலி, எர்னி டிங்கோ என்ற இரு கலைஞர்கள் தொடங்கி வைத்த புதுப் பழக்கம்" என்றும் சொன்னார்கள். இன்றைய வடிவம் அப்போது வந்ததுதான். விடியற்கால அஞ்சலி மட்டும் ஆதிகாலத்திலேயே இருந்ததா? அதுவும் 1920களில் உருவான வழக்கம்தானே! மரியாதைக்கு வயசு பார்க்கக்கூடாது.

இனி முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். "அந்த நாளில் எல்லா வீரரும் ஒன்று. அங்கே இனத்தைப் பிரிக்காதே" என்கிறார்கள். ஒன்றுதான். அந்த ஒற்றுமை அன்றைக்கு எங்கே போச்சு என்றுதான் கேட்கிறேன்.

முதல் உலகப் போரில் ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்கள் படையில் சேர விதி குறுக்கே நின்றது. ஆள் பற்றாக்குறை வந்த பிறகு, 1917இல், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியராக இருந்தால் சேரலாம் என்று தளர்த்தினார்கள். கதவைச் சாத்தின வீட்டைக் காப்பாத்த ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

விக்டோரியாவில் குண்டிட்ஜ்மாரா இனத்து லவெட் குடும்பம். அண்ணன் தம்பி ஐந்து பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள். ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் போரிலும் சீருடை போட்டார்கள். திரும்பி வந்த வீரர்களுக்கு விவசாய நிலம் கொடுக்கும் திட்டம் இருந்தது. இந்தக் குடும்பம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அவர்கள் இனத்தார் வாழ்ந்த கோண்டா ஏரிக் குடியிருப்பு நிலத்தையே கூறுபோட்டு மற்ற வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த ஏரிப்பகுதி நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர 1987இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது!

வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகள். இரண்டாம் போரில் அந்தச் சின்னத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 850 ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரனுக்குக் கொடுத்த சம்பளத்தில் இவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1943 முடியும்போது வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. பாக்கிப் பணம் வந்து சேர 1980கள் ஆயிற்று. எத்தனையோ பேர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். குண்டுக்குத் தெரியாத நிறம் சம்பளப் பட்டியலுக்குத் தெரிந்திருக்கிறது ஐயா! (கைதட்டல்)

எதிரணியின் ஒரு வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். எல்லாக் கூட்டத்திலும் எந்திரம் மாதிரி ஒப்பித்தால் எந்தச் சடங்கும் தேய்ந்து போகும். எங்கே, யார், எவ்வளவு நேரம் சொல்வது என்று பேசி முடிவெடுக்கலாம். கருத்து மாறுபாட்டைச் சொல்ல வருஷத்தில் மற்ற நாள்கள் இருக்கின்றன. செத்தவர்களுக்காக மௌனம் காக்கக் கூடிய இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்துக் கூச்சல் போட்டால், அது அவரை மட்டுமா அவமதிக்கிறது? அந்த மௌனத்துக்கு உரிய எல்லா வீரரையும் அவமதிக்கிறது.

நடுவர் அவர்களே! நிலம் கேட்டபோது இல்லை என்றார்கள். சம்பளம் கேட்டபோது பொறு என்றார்கள். அந்த மக்களின் வழிவந்த ஒருவர் மனசில் கசப்பை வைத்துக்கொண்டு வாசலில் நின்றால்கூட யாரும் குறை சொல்ல முடியாது. அவர் சொல்வதோ, "வாங்க" என்ற ஒரு சொல். அதைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து அஞ்சலி செலுத்துவதே பொருத்தம் என்று சொல்லி அமர்கிறேன்.