மூடிய அறையில் இரண்டாமவர்

நான்கு கோழித் துண்டுகளின் விலை ஒரு டாலர். அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் முக்கியமான வழக்கொன்று அந்த ஒரு டாலரிலிருந்துதான் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும்.

1972 ஜூனில், டெக்ஸாஸ் மாநிலத்தில், வைன்கார்ட்டன் என்னும் நிறுவனத்தின் கடையொன்றில் உணவுப் பிரிவில் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். 2.98 டாலர் பெறுமான கோழிப் பொட்டலத்துக்கு ஒரு டாலரே செலுத்தினார் என்பது புகார். தொழிற்சங்கப் பிரதிநிதியை அழைக்குமாறு பலமுறை கேட்டார், மறுத்துவிட்டார்கள். சிறிய பெட்டிகள் தீர்ந்துபோனதால் நான்கு துண்டுகளைப் பெரிய பெட்டியில் வைத்ததாகச் சொன்னார். அது மெய்யென்று தெரியவர, விசாரணை அதிகாரி மன்னிப்பும் கேட்டார். அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அப்பெண்மணி உடைந்து அழுது, விலை கொடுக்காமல் இக்கடையில் தாம் எடுத்தது மதிய உணவு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். விசாரணை மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ 160 டாலர் பாக்கி என்று எழுதிக் கையொப்பம் கேட்டார்கள், அவர் இடவில்லை. தலைமையகத்தை விசாரித்தபோது, அக்கிளையில் இலவச உணவுக்குத் தடை உண்டா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. மேலாளரும் அவ்வாறுதான் உண்டுவந்தார்.

அவ்வறையின் தனிமைக்கு நீண்ட முன்கதை உண்டு. பழைய ஆங்கிலேயச் சட்டம், காலவரை குறிப்பிடாத வேலையை ஓராண்டு வேலையாகக் கொண்டது. அறுவடையில் உழைத்தவனைக் குளிர்காலத்தில் துரத்தலாகாது என்பது அதன் நியாயம். 1877இல் ஹொரேஸ் வுட் என்ற அமெரிக்க வழக்கறிஞர், அத்தகைய வேலை இருதரப்பின் விருப்பம் உள்ளவரை மட்டுமே என்று தம் நூலில் எழுதினார். அவர் காட்டிய தீர்ப்புகள் அக்கூற்றைத் தாங்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். எனினும் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 1884இல் டென்னஸி உச்ச நீதிமன்றம், நல்ல காரணத்துக்காகவோ, காரணமின்றியோ, அறமற்ற காரணத்துக்காகவோகூட முதலாளி பணியாளரை நீக்கலாம் என்றது. தொழிலாளியும் நினைத்தபோது விலகலாம், ஆகவே இது சமத்துவமாம்! ஒருவருக்குப் பிழைப்பு போகிறது, மற்றவருக்கு ஓர் ஆள் குறைகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது அந்தத் தர்க்கம்.

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் இதில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது. பரஸ்பர உதவிக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஒன்றுசேர்ந்து செயல்படும் உரிமையை அது தொழிலாளருக்கு வழங்கிற்று. கோழித் துண்டு வழக்கு இச்சொற்களைப் பற்றிக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975 பிப்ரவரியில், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு அப்பெண்மணியின் பக்கம் நின்றது. தண்டனையில் முடியக்கூடும் என்று நியாயமாக அஞ்சத்தக்க விசாரணையில், தொழிலாளி சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்று அது கூறியது. ஒருவர் தமக்காகக் கேட்டாலும், அதில் அனைவரின் நலனும் அடங்கியிருக்கிறது என்பது அதன் சாரம்.

இவ்வுரிமையை மிகைப்படுத்தவும் கூடாது. தொழிலாளிதான் கேட்கவேண்டும், நினைவூட்டும் கடமை முதலாளிக்கு இல்லை. விசாரணையைக் கைவிட்டு, கிடைத்த தகவல்களைக் கொண்டே முதலாளி முடிவெடுக்கலாம். சங்கமில்லாத இடங்களுக்கும் இவ்வுரிமை உண்டென்று தேசியத் தொழிலுறவு வாரியம் 2000இல் கூறி, 2004இல் அதை விலக்கிக்கொண்டது. சோதனைக் காலம் கடந்தவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்று 1987இல் மொன்டானா மாநிலம் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் அவ்வழியே செல்லவில்லை.

ஆக, எளியோருக்கு அங்கே கிடைத்தது வேலைக்கான உத்தரவாதமன்று. அறைக்குள் ஒரு துணை மட்டுமே. அதுவும் சங்கம் இருந்தால், கேட்கத் துணிந்தால். நடந்ததை வெளியே சொல்லவேண்டாம் என்று மேலாளர் அப்பெண்மணியைக் கேட்டுக்கொண்டாராம். அவர் நேரே சென்று சங்கத்திடம் சொன்னார். அன்று அவர் வாய்மூடியிருந்தால் இந்த வழக்கே இல்லை.