கல்வராயன் மலையில் ஆங்கிலப் பாடம்

பரம்பரை ஜாகீர்தாரர்களின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் கட்டுண்டு கிடந்து, 1976-ல்தான் அரசின் நேர் நிர்வாகத்துக்குள் வந்த கல்வராயன் மலையில், பள்ளிக்கூடம் என்பதே பிந்தி வந்த பாக்கியம்; ஆங்கிலமோ அதற்கும் பிந்தியது. வெள்ளிமலை முதலிய ஊர்களில் அரசினர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் எழுந்த பின்னும், வீட்டில் அம்மொழியைக் கேட்க வழியற்ற மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாடம் வகுப்பறையோடு நின்றுவிட்டது இயல்பே. சான்றாக, ‘பஸ்’ஸுக்கும் ‘பல்’லுக்கும் நாம் ஒரே பகரத்தை எழுதுகிறோம், ஆங்கிலமோ அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது. அவற்றைக் குழப்பும் சிறுவனின் உதட்டசைவைப் பொறுமையுடன் கவனித்துத் திருத்த, அருகில் ஒருவர் அமர்ந்தே ஆகவேண்டும்.

அந்தத் துணை முன்பு கள்ளக்குறிச்சியில் டியூஷனுக்குப் பணம் கொடுக்க வல்லவர்க்கே கிட்டிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் மாநிலமெங்கும் பரவிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் அரசுத் திட்டம், உள்ளூர்த் தன்னார்வலரையே ஆசிரியராக்கி, மாலைதோறும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் அத்துணையைக் கட்டணமின்றி வழங்க முற்பட்டது.