அக்குறணையின் மூத்தம்மாமார்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில் உள்ள அக்குறணை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், கண்டிக்கு வந்த மூன்று அரபியர் கண்டிச் சிங்களப் பெண்களை மணந்து இங்கே குடியேறினர் என்பது ஊரின் மரபுக் கதை. அதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் சிங்கள வீட்டுப்பெயர்கள் உண்டு. இந்தக் கலப்பின் தடயம் அது. கதை வந்த ஆண்களை எண்ணிச் சொல்கிறது. ஊரின் முதல் தாய்மாருக்கோ பெயரே இல்லை. இது பெரிய இழப்பு.

கண்டி இராச்சியத்து முஸ்லிம் ஆண்கள் தவளம் என்னும் பொதிமாட்டு வணிகத்தில் உப்பும் பாக்கும் கொண்டு நெடுந்தூரம் போனார்கள். பின்னாளில் அக்குறணையார் நாடெங்கும் கடை வைத்தனர். ஆண்கள் வெளியூரில் தங்கிய அக்காலங்களில் வீடு, தோட்டம், பிள்ளைகளின் ஓதல் எல்லாம் உம்மாவின், மூத்தம்மா எனப்படும் பாட்டியின் பொறுப்பு.

அத்தகைய ஒருத்தி மறைந்தால் பெண்களே குளிப்பாட்டி, ஐந்து துணிகளில் கபனிடுவர். ஆண்கள் ஜனாஸாத் தொழுகைக்குப் பின் மையவாடியில் அடக்குவர். 3, 7, 40ஆம் நாட்களில் கத்தம் (குர்ஆன்) ஓதிச் சோறு கொடுப்பது பழைய வழக்கம். சீர்திருத்தக் கருத்துகள் பரவியபின் பல வீடுகள் அதை விட்டு, தாயின் பேரில் தருமம் செய்வதோடு நிறுத்திக்கொண்டன.

அடக்கத்தலங்கள் எளியவை, அங்கே வாழ்க்கை வரலாறு பொறிக்கப்படுவதில்லை. எனவே மூத்தவர்கள் இருக்கும்போதே மூத்தம்மாமாரின் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊர்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.