33 டிகிரிதானே, ஓடலாம்!

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. ஈ.சி.ஆர். ஓரமாக நாங்கள் நாலு பேர் 21 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தோம். 18வது கிலோமீட்டரில் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு வேகம் குறைந்தது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். வெதர் ஆப்பில் 33 டிகிரி. "33தானே மச்சான், இன்னும் மூணு கிலோமீட்டர், விட்டுடாத" என்றேன்.

அவன் 400 மீட்டர்கூட ஓடவில்லை. நின்று, "கார் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான். "உன் பாக்கெட்லதான்டா இருக்கு" என்றேன். அரை நிமிஷம் கழித்து அதே கேள்வி. மூன்றாவது முறை கேட்கும்போதே கால் மடங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

மீதியைக் கடைசியில் சொல்றேன். ஆள் நல்லா இருக்கான், பயப்படாதீங்க. ஆனால் அந்த "33தானே" எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய எனக்கு நூறு வருஷத்து வரலாற்றைப் படிக்க வேண்டியிருந்தது. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதலில் கொஞ்சம் பிசிக்ஸ். 70 கிலோ எடையுள்ள ஒருத்தர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால், சுமார் 700 கிலோ கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டமாக மாறுவதில்லை, வெறும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை இறக்க உடம்பிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கணக்கு அழகா டேலி ஆகுது இல்லையா? ஆனால் "ஆவியானால்" என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கு. சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் உடம்புக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

வீட்டில் மண்பானை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். வறண்ட காற்றடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். புழுக்கமான நாளில், அதே பானை, அதே தண்ணீர், வெதுவெதுப்பு. பானையைக் குற்றம் சொல்லி என்ன பண்றது? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் பானையின் ஈரம் எங்கே போகும்? சென்னை மே மாதத்தில் ஓடுகிற நாம எல்லாருமே அந்தப் பானைதான்.

இப்போ 1904. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒலிம்பிக்ஸ். ஆகஸ்ட் 30ஆம் தேதி மாரத்தான். அதை மதிய வெயிலில், 3 மணிக்குத் தொடங்குகிறார்கள்! சுமார் 32 டிகிரி, மண் ரோடு, முன்னால் போகும் கார்கள் கிளப்பும் புழுதி. வழியில் தண்ணீர் கிடைப்பதே அரிது. பணம் இல்லாமல் இல்லை. ஏற்பாடுகளுக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் சல்லிவனுக்கு, தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. ஓடியவர்கள்மீதே டெஸ்டிங். புரொடக்‌ஷனில் நேரடியாக டெஸ்ட் பண்ற ஆட்களை எங்க ஆபீஸ்லயும் பார்த்திருக்கேன், ஆனா இது வேற லெவல்.

ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீர் கேட்டபோது, கூட வந்தவர்கள் கொடுக்கவில்லை. ஸ்பாஞ்சால் வாயை மட்டும் நனைத்தார்கள். அதற்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள். ஆமாம், எலி விஷத்தில் சேர்ப்பார்களே, அதே ஸ்ட்ரிக்னின். அந்தக் காலத்தில் அது ஊக்க மருந்து. 3 மணி 28 நிமிடத்தில் தள்ளாடியபடி வந்து ஜெயித்தார்.

எட்டு வருஷம் கழித்து, 1912 ஸ்டாக்ஹோம். குளிர் நாடுதானே என்று நினைப்போம். ஜூலை 14 அன்று அங்கேயும் 30 டிகிரியைத் தாண்டியது. போர்ச்சுகலிலிருந்து வந்த ஃபிரான்சிஸ்கோ லாசாரோ, தொழிலால் தச்சர். அவர் வியர்க்கக் கூடாது என்று உடம்பு முழுக்கக் கொழுப்பு பூசிக்கொண்டு ஓடினார் என்கிறார்கள். மண்பானைக்கு வெளியே பெயிண்ட் அடித்த மாதிரி. சுமார் 30வது கிலோமீட்டரில் விழுந்தார், மறுநாள் காலை இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்ஸில் போட்டியின்போது விழுந்து உயிரிழந்த முதல் வீரர் அவர்தான்.

அதே ஓட்டத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி பாதியில் சுருண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் திரும்ப அழைத்து ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். அவருடைய நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், சில மணி நேரம். இதுக்குத் தனி எபிசோடே போடலாம்.

இதெல்லாம் பார்த்தும் புத்தி வரவில்லை. ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனம், வயிற்றைப் பிடிக்கும் என்ற எண்ணம் இன்னும் பல வருஷம் நீடித்தது. 1954 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் நடந்த மாரத்தான். அன்றைக்கு உலகத்திலேயே வேகமான மாரத்தான் வீரர், இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், இரண்டாமவரைவிடக் கிட்டத்தட்ட 17 நிமிடம் முன்னால் ஸ்டேடியத்துக்குள் வந்தார். மிச்சம் இருந்தது ஒரு சுற்றுக்கும் குறைவு. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சுமார் 200 மீட்டரைக் கடக்க 11 நிமிடம். எல்லைக்கோட்டைத் தொடாமலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் போட்டிகளில் ஓடவே இல்லை. அன்று வான்கூவரில் வெப்பம் 28 டிகிரி வாக்கில்தான். ஆப்பைப் பார்த்திருந்தால் நானும் "28தானே" என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, ஆப் காட்டாத விஷயம் என்ன? அதைக் கண்டுபிடித்தது விளையாட்டு உலகம் இல்லை, ராணுவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவுக்குள்ளேயே, எதிரியே இல்லாத பயிற்சி முகாம்களில், வெயில் தாக்கி வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி 157 மரணங்களை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1947இல் வந்தது. அதன் பிறகு 1950களில், தெற்கு கரோலைனாவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் முகாமில் கான்ஸ்டன்டின் யாக்லூ என்ற ஹார்வர்ட் பேராசிரியரும் டேவிட் மினார்ட் என்ற கடற்படை மருத்துவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் வைத்தது மூன்று தெர்மாமீட்டர். ஒன்று நிழலில் சும்மா. இன்னொன்று வெயில் படும்படி, ஒரு கறுப்பு உலோகக் கோளத்துக்குள். மூன்றாவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அதுதான் நம்ம மண்பானை.

இந்த மூன்றையும் சேர்க்கும் ஃபார்முலாவைப் பாருங்க. ஈரத்துணிக்கு 70 சதவீதம், கறுப்புக் கோளத்துக்கு 20 சதவீதம். நாம தினமும் பார்க்கிற சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதம்! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நம்பி "விட்டுடாத" என்று சொன்ன அந்த 33க்கு, அந்தக் கணக்கில் பத்து மார்க்தான்.

உட்கார்ந்து கணக்கு போட்டேன். 33 டிகிரி, ஈரப்பதம் 72 சதவீதம் என்றால் ஈரத்துணி சுமார் 28.7 காட்டும். காலை வெயிலில் கறுப்புக் கோளம் 45 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 32.4. இப்போ உள்மாவட்டத்தில் ஒரு வறண்ட மதியம், 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம், கோளம் 50 என்று எடுத்துக்கொண்டால் 30.5 வருகிறது. அதாவது 39 டிகிரியைவிட 33 டிகிரி ஆபத்து. மரைன் முகாமில் இந்த எண்ணுக்கு ஏற்றபடி பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி ஏற்றுவார்கள். கறுப்புக் கொடி 32.2இல் ஏறும். ஏறினால் கடினமான பயிற்சி எல்லாம் நிறுத்தம். நாங்கள் அன்று ஓடியது கறுப்புக் கொடிக்குக் கீழே.

இன்னொரு தப்பும் நடந்தது. என் ஃப்ரெண்ட் அன்றைக்கு நாலு நாள் முன்னால்தான் பெங்களூரு ஆபீஸிலிருந்து வந்திருந்தான். உடம்பு புது வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் உப்பு குறையும், ரத்தத்தின் அளவு கூடும். இந்த அறிவில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஆழத்துக்குப் போகப் போக சூடும் ஈரமும் கூடும், 1920களிலேயே தொழிலாளிகள் வெப்பத் தாக்கில் இறந்தார்கள். அதனால் கறுப்பினத் தொழிலாளிகளைச் சூடான அறைகளுக்குள் நிறுத்தி, நாள்கணக்கில் படி ஏறி இறங்க வைத்துத் தயார்செய்து, அப்புறம் கீழே அனுப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியதும் உண்மை. தங்கம் தடையில்லாமல் மேலே வரணும் என்பதும் உண்மை. மாரத்தான் கோச்கள் சொல்லித்தரும் "ரெண்டு வாரம் பழகு" என்ற அட்வைஸுக்குப் பின்னால் அந்த அறைகள் இருக்கின்றன.

2019இல் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். வெயிலே இல்லை, ஆனாலும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. காற்றில் அவ்வளவு ஈரம். அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள்.

சரி, ஈ.சி.ஆருக்குத் திரும்புவோம். நான் 108க்குப் போன் பண்ணி, இடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். இன்னொருத்தன் அவன் வாயில் எலக்ட்ரோலைட் ஊற்றப் பார்த்தான் (நினைவு தடுமாறுகிறவருக்கு அப்படிச் செய்யவே கூடாது, புரையேறிவிடும்). எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா ஓடி வந்தார். "பேசிக்கிட்டே நிக்கிறியே தம்பி, ஊத்துப்பா அவன் மேல!" டிரம்மில் இருந்த தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகத் தலை, கழுத்து, அக்குள் என்று ஊற்றினார். கடைக்கு வைத்திருந்த ஐஸையும் டிரம்மில் உடைத்துப் போட்டார். ஒரு துண்டை நனைத்துப் போர்த்தி, அட்டையால் விசிறச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்போது அவன் என் பெயரைச் சரியாகச் சொன்னான், கெட்ட வார்த்தையோடு.

குளிர்ந்த நீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று டாக்டர்களிலேயே பலர் ரொம்ப நாள் பயந்தார்கள். அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரத்தில் வருஷா வருஷம் கோடையில் ஓட்டப்பந்தயம் நடக்கும். அங்கே 18 வருஷத்தில் வெப்பத் தாக்கில் விழுந்த 274 பேரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். 2015இல் அந்தக் கணக்கு வெளியானது. முதலில் குளிரவை, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பதுதான் இப்போது விதி. எங்களைப் பார்த்த டாக்டரும் கேட்ட முதல் கேள்வி, "யார் தண்ணி ஊத்துனது?"

அக்காவுக்கு யாக்லூவும் தெரியாது, ஃபால்மவுத்தும் தெரியாது. எப்படித் தெரியும்னு அப்புறம் ஒரு நாள் போய்க் கேட்டேன். "உடம்பு நெருப்பா கொதிக்குது, வேற என்ன பண்றது?" என்றார்.

இப்போது எங்கள் குரூப்பில் ஞாயிறு காலை 4:30க்கே கிளம்பி, 6:30க்கு முன்னால் முடிக்கிறோம். ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் 5 கிலோமீட்டர்தான். என் கார் டிக்கியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பும், ஐஸ் பெட்டியும், இரண்டு கேன் தண்ணீரும் இருக்கு. கேலி பண்றாங்க, பண்ணட்டும். ஓட்டம் முடிந்ததும் டீ அக்கா கடையில்தான். மீதி ஐஸ் அவருக்கு.