ஓவியத்தில் ஏறாத சேரி

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னகம் வந்தார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிப் படங்களில் தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு. காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டியைப் பயன்படுத்தியவர்கள் என்பதால், அப்படங்களைச் சான்றாகவே கொள்வோர் பலர்.

இன்று அவற்றைக் கணினி வரைபடத்தில் பொருத்தலாம். விமானம், மலை, குளக்கரை என இடம்மாறாதவற்றைப் படத்திலும் வரைபடத்திலும் குறித்து இணைத்தால், ஓவியர் நின்ற இடத்தையும் பார்த்த கோணத்தையும் கணிக்க முடியும். கோணத்துக்குள் வந்தது எது, முதுகுக்குப் பின்னால் போனது எது என்று அப்போது கேட்கலாம்.

அதே கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு, கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களை அடுக்குகிறது. ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் அதில் தனியாக வருகிறது. உழைத்தவர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்துச் சான்று இது.

ஓவியத்தை மட்டும் வரைபடத்தில் ஏற்றினால் ஓவியரின் பார்வையையே மறுபடி வரைவோம். கல்வெட்டுச் சேரிகளையும் நில அளவைப் பதிவேட்டின் நத்தங்களையும் சேர்த்து ஏற்றுங்கள். படத்தில் இல்லை என்பது மண்ணில் இல்லை என்றாகாது.