நலாக்சோன்

நலாக்சோன்: ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் முதலிய அபினி வகைப் பொருள்களை அளவு மீறி எடுத்து மூச்சு அடங்கிக்கொண்டிருப்பவரை மீட்கும் மருந்து. இப்பொருள்கள் மூளைத்தண்டில் சுவாசத்தை இயக்கும் பகுதியை மந்தமாக்குகின்றன. மூச்சு குறைய, உதட்டிலும் நகத்திலும் நீலம் பாயும். தொண்டையில் கரகரவென்று ஒலி எழும். அதைக் குறட்டை என்று எண்ணி விட்டுவிடுவதால் போன உயிர்கள் பல. நலாக்சோன் அந்தப் பொருளை நரம்பணுக்களின் ஏற்பிகளிலிருந்து விலக்கித் தான் அங்கே இடம்பிடிக்கும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். உடலில் அபினி வகைப் பொருள் இல்லாதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் கெடுதி இல்லை.

மோசஸ் லெவன்ஸ்டீன், ஜாக் ஃபிஷ்மன் இருவரும் 1961இல் நியூயார்க்கில் இதற்குக் காப்புரிமை கோரினர். ஃபிஷ்மன் போலந்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு ஷாங்காயில் வளர்ந்தவர். 1971இல் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி தந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அது மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலுமே கிடந்தது. அளவு மீறி எடுப்பதால் வரும் ஓவர்டோஸ் சாவு பெரும்பாலும் நேர்வது வீட்டில், கூட்டாளிகளின் கண்ணெதிரே. போலீசுக்குப் பயந்து அவர்கள் ஆம்புலன்சை அழைக்கவும் தயங்கினார்கள். மருந்து ஓரிடத்தில், சாவு வேறிடத்தில் என்று கால் நூற்றாண்டு கழிந்தது.

இந்த இடைவெளியை மூடியவர்கள் போதைப்பொருள் பயன்படுத்துவோரும் அவர்களோடு நின்றவர்களும்தான். சிகாகோவில் சுத்தமான ஊசிகள் வழங்கிவந்த சிகாகோ ரெகவரி அலையன்ஸ் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் 1996இல் ஹெராயின் ஓவர்டோஸில் இறந்தார். அதே ஆண்டு டான் பிக் தலைமையில் அவ்வமைப்பு நலாக்சோனைப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. மருந்து கையிலிருந்தால் துணிந்து அதிகம் எடுப்பார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. அனுபவம் அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. 1996 முதல் 2014 நடுப்பகுதி வரை அமெரிக்க அமைப்புகள் 1,52,283 பேருக்கு இதை வழங்கின. 26,463 பேர் மீண்டதாகத் தகவல் வந்தது.

ஸ்காட்லாந்து 2011இல் இதை நாடு தழுவிய திட்டமாக்கி, விடுதலையாகும் கைதிகளுக்கும் கொடுத்தது. மிகச் சரியான முடிவு அது. சிறையில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவர் முதல் சில வாரங்களிலேயே இறக்கக்கூடும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் கலந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நலாக்சோனின் வீரியம் 30 முதல் 90 நிமிடங்களே நிற்கும். போதைப்பொருள் அதைவிட நெடுநேரம் உடலில் தங்கினால் மூச்சு மறுபடி நிற்கலாம். ஆகவே ஆம்புலன்சை அழைப்பதும், செயற்கைச் சுவாசம் தருவதும், கூடவே இருப்பதும் கட்டாயம். தனியாக எடுப்பவருக்கு இந்த மருந்து உதவாது. கொடுக்க இன்னொரு கை வேண்டும்.

ஊசி போடத் தெரியாதவரும் கையாளும்படி மூக்கில் அடிக்கும் ஸ்பிரே 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2023இல் மருத்துவர் சீட்டின்றி விற்கவும் வழி பிறந்தது. இரண்டு டோஸ் அடங்கிய பெட்டி அப்போது ஏறத்தாழ 45 டாலர். தெருவில் வாழ்பவருக்கு எட்டாத விலை அது. சுத்தமான ஊசி வழங்கும் மையங்கள் இலவசமாகக் கொடுத்தால்தான் அவர்களுக்குக் கிடைக்கும்.